துணியிற் பதிந்த முன்னோர் கதை

(பேராதனையில் மன்றத்து இளைஞர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் துணி. ஆண்டு மலருக்குரிய சொற்பொழிவுக்குத் துணியும் ஒரு பொருளோ என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம் வாழ்க்கையிலே துணி இல்லாத சடங்கு எது? பிறந்த பிள்ளையைத் தாயின் பழஞ்சேலையில் ஏந்துகிறோம். அந்தச் சேலையிலேயே ஏணை கட்டித் தாலாட்டுகிறோம். மணப்பெண்ணுக்குக் கூறை கொடுக்காமல் திருமணம் நிறைவுறுவதில்லை. இறந்தவரைக் கோடித் துணியால் மூடாமல் வழியனுப்புவதில்லை. தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் நம்மோடு வருவது துணியே அன்றோ!

அப்படியாயின் ஒரு கேள்வி கேட்கிறோம். உங்கள் வீட்டுக் கூறைச்சேலையின் கரையிலே ஓடுகின்ற கட்டங்களுக்கும் கொடிகளுக்கும் பெயர் என்ன? அவற்றை முதலில் வகுத்தவர் யார்? அந்த வடிவம் ஏன் அங்கே இருக்கிறது? பாட்டிமாரைக் கேட்டால் இரண்டொரு பெயர் கிடைக்கலாம். நம்மைக் கேட்டால் விலை ஒன்றுதான் தெரியும். பெயரும் கதையும் மறைந்து விலை மட்டும் எஞ்சுகின்ற நிலையைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம். அதற்கு, கதையை இன்னும் கைவிடாத ஒரு மக்களை அறிந்துகொள்வது நலம். அம்மக்கள் நீலகிரி மலையிலே வாழும் தோடர்.

நீலகிரி நமக்குத் தொலைவான இடமன்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி நம் மலையகத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. 1976 முதல் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் என்ற பெயரில் நடக்கின்றன. கண்டியிலும் மாத்தளையிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த கைகள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து பறிக்கலாயின. இந்தச் சபையிலும் அங்கே உறவினர் உள்ளவர்கள் இருப்பீர்கள். அவர்கள் குடியேறிய அந்த மாவட்டத்தின் மேட்டுப் புல்வெளிகளிலேதான் தோடரின் மந்துகள் இருக்கின்றன. மந்து என்றால் அவர்களுடைய சிற்றூர்.

தோடர் மிகச் சிறிய கூட்டத்தினர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அவர்கள் தொகை ஏறத்தாழ 2,000 தான். அவர்கள் பேசும் மொழி தமிழுக்கு உறவான திராவிட மொழி. அதற்கென்று தனி எழுத்து இல்லை. எருமை வளர்ப்பதே அவர்கள் தொழிலாக இருந்தது; எருமையே அவர்கள் செல்வம், எருமைப் பால் கறந்து கடைகின்ற பால்மனையே அவர்கள் கோயில். றிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞர் 1901, 1902ஆம் ஆண்டுகளில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து 1906இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். பின்னர் எமனோ என்ற மொழியறிஞர் அவர்கள் பாடல்களைத் திரட்டி 1971இல் நூலாக்கினார். இந்தியப் பழங்குடிகளுள் இத்துணை நுணுக்கமாக ஆராயப்பட்டோர் மிகச் சிலரே எனலாம்.

தோடர், ஆணும் பெண்ணும், தோளைச் சுற்றிப் போர்த்துக்கொள்வது பூத்துக்குளி என்னும் பெரிய வெள்ளைப் போர்வை. தடித்த பருத்தித் துணி. அதில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள். தோடர் நெய்வதில்லை. துணியை வெளியாரிடமே வாங்குவர். ஆனால் வாங்கிய துணி அவர்களுடையதாவது பெண்களின் ஊசியினாலேதான். சிவப்பு நூலும் கறுப்பு நூலும் கொண்டு, பட்டைகளுக்கு இடையே அவர்கள் பூவேலை செய்கிறார்கள். அதற்கு அவர்கள் மொழியிலே உள்ள பெயரும் பூ என்னும் பொருளுடையதே.

அந்த வேலையின் முறையைச் சற்றுக் கேளுங்கள். துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் இல்லை. துணியின்மேல் முன்கூட்டி வரைந்த கோடு இல்லை. பார்த்துச் செய்வதற்கு மாதிரித் தாளும் இல்லை. நெசவின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி, இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்குக் கீழே என்று ஊசியைச் செலுத்துவர். ஓர் இழை தவறினால் வடிவம் முழுவதும் சாய்ந்துபோகும். ஆதலால் வடிவம் இருப்பது துணியிலன்று, அந்தப் பெண்ணின் நினைவிலே. வேலை முடிந்த துணியைப் பார்த்தால் தைத்தது என்று தோன்றாது. தறியிலே நெய்தது என்றே எவரும் சொல்வர். ஒரு பெரிய போர்வை முடிய வாரக்கணக்கிலே உழைக்க வேண்டும். தாய் தைப்பதை அருகிலிருந்து பார்த்தே மகள் கற்றுக்கொள்கிறாள்.

வடிவங்கள் எண்ணிக்கையிற் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் அவர்கள் கண்ட உலகத்திலிருந்து வந்தது. எருமைக் கொம்பு உண்டு, மலைத்தொடர் உண்டு, ஞாயிறும் திங்களும் உண்டு, மயிற்பீலி உண்டு. கரையோரத்திலே முயற்காதுகள் வரிசையாக நிற்கும். பெட்டிகளுக்குள்ளே கறுப்பு முக்கோணங்கள் அமைந்த வடிவம் ஒன்றைத் தங்கள் முதற் பூசகரை நினைத்துப் போடுவதாகச் சொல்வர். எழுத்தில்லாத மக்கள் என்று நாம் இரக்கப்படுகிறோம். அவர்களோ போர்த்திய துணியிலே தங்கள் நூலைச் சுமந்து நடக்கிறார்கள்.

அந்த நூலின் கதை யாது? றிவர்ஸ் கேட்டு எழுதிவைத்ததைச் சுருக்கிச் சொல்கிறோம். ஆதியிலே ஓன் என்ற தெய்வமும் அவன் சகோதரி தெய்கிர்சி என்ற தெய்வமும் இருந்தனர். ஓனும் அவன் மனைவியும் குந்தா மலையின் உச்சிக்குச் சென்று, ஓர் இரும்புக் கோலை மலை நெடுகக் கிடத்தினார்கள். ஒரு நுனியில் ஓன் நின்று பூமிக்குள்ளிருந்து 1,600 எருமைகளை வெளிவரச் செய்தான். மறு நுனியில் அவன் மனைவி நின்று 1,800 எருமைகளை வரச்செய்தாள். ஓனின் எருமைகளுள் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வெளிவந்தான். அவனே முதற் தோடன். அவனுடைய விலாவெலும்பு ஒன்றை எடுத்து ஓன் முதற் பெண்ணை உண்டாக்கினான். எருமை முன்னே, மனிதன் பின்னே! மனிதனே எல்லாவற்றுக்கும் தலைவன் என்று இறுமாந்திருக்கும் நமக்கு இக்கதை சொல்லும் பாடம் சிறிதன்று.

பின்னர் ஓனுடைய மகன் இறந்தான். மகனைப் பிரிந்திருக்க மாட்டாத தந்தை, அவன் சென்ற அம்நோர் என்னும் இறந்தோர் உலகுக்குத் தானும் போகத் துணிந்தான். மக்களும் எருமைகளும் மரங்களுங்கூட வந்து விடைகொடுத்ததாகக் கதை சொல்கிறது. அன்றுமுதல் ஓன் இறந்தோர் உலகை ஆள்கிறான். இருப்போர் உலகைத் தெய்கிர்சி ஆள்கிறாள். எருமைகளைக் குலங்களுக்குப் பங்கிட்டவளும் சடங்குகளை வகுத்தவளும் அவளே. பெற்ற பிள்ளையைப் பின்தொடர்ந்து சாவுலகம் சென்ற தெய்வம் இது. துயரத்தைத் தெய்வத்துக்கும் உரியதாக்கிய மக்களை நாகரிகமற்றவர் என்று எவர் சொல்ல வல்லார்?

இக்கதைக்கும் துணிக்கும் உள்ள உறவு இறுதிச் சடங்கிலே தெரியும். தோடர் ஒருவர் இறந்தால் பூவேலை செய்த பூத்துக்குளியாலேயே அவரைப் போர்த்துவர். பெண் கொண்டு உறவான குடும்பத்தார் துணி கொண்டுவந்து உடலின்மேல் சார்த்துவது ஒரு தனிச் சடங்கு. அம்நோருக்குப் போகிறவர் தம் மக்களின் அடையாளத்தோடு போக வேண்டும் என்பது கருத்து. இன்னொன்றையும் கவனியுங்கள். பால்மனைக் கோயிலுக்குள்ளே செல்லும் உரிமை தோடப் பெண்களுக்கு இல்லை. பூசையும் பாற்கடைவும் ஆண்களின் பொறுப்பு. ஆனால் இறந்தவரை முன்னோரிடம் கொண்டு சேர்க்கும் துணி பெண்களின் கையிலிருந்தே வரவேண்டும். கோயிலுக்குள்ளே புகாதவளே முன்னோர் உலகின் வாசலுக்கு ஆடை தைக்கிறாள்.

இனி, இத்துணைச் சிறப்புள்ள கலைக்கு வந்த இடரைக் கூறுவோம். கதையிலே எருமை இருக்கிறது. எருமைக்குப் புல் வேண்டும். புல்லுக்கு நிலம் வேண்டும். 1820ஆம் ஆண்டுகளில் சலிவன் என்ற ஆங்கிலேய அதிகாரி உதகமண்டலத்தை உண்டாக்கியபோது தோடரின் நிலம் ஏக்கர் ஒரு ரூபா விலைக்குக் கைமாறியது என்பர். பிறகு தேயிலை வந்தது, உருளைக்கிழங்கு வந்தது. விறகுக்கும் பட்டைக்குமாக யூக்கலிப்டஸ் மரத்தையும், அங்குள்ளோர் சீகை என்று சொல்லும் வாட்டில் மரத்தையும் புல்வெளிகளிலே நட்டார்கள். மரம் நடுவது நற்செயல் என்று நாம் பாடசாலையிலே படித்திருக்கிறோம். ஆனால் புல்வெளியாகவே இருக்க வேண்டிய இடத்தில் அந்நிய மரத்தை நட்டால் புல் மடிகிறது, ஊற்றுச் சுரப்பும் குறைகிறது. எருமைகளின் தொகை குறைந்தது. எருமைக் கொம்பைத் துணியிலே தைக்கின்ற பெண்களுட் பலர் எருமை இல்லாத வீட்டிலிருந்து தைக்கிறார்கள்.

அந்த யூக்கலிப்டசும் வாட்டிலும் வந்த தேசம் அவுஸ்திரேலியா. அங்கேயும் நிலத்தை இழந்த ஆதிக்குடிகள் உண்டு. அங்கேயும் முன்னோர் கதையைத் துணியிலே பதிக்கின்ற பெண்கள் உண்டு. ஆதலால் சற்றே கடல் கடந்து அவர்களையும் பார்த்து வருவோம்.

அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் நம்பிக்கையின்படி, தொடக்கத்திலே முன்னோர் நிலத்தின்மேல் நடந்து திரிந்து மலையையும் ஊற்றையும் விலங்கையும் உண்டாக்கினர். அவர்கள் நடந்த வழி ஒவ்வொன்றும் ஒரு கதை. கதை ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். வடிவம் ஒவ்வொன்றுக்கும் உரிமையுள்ள குலம் ஒன்று. உரிமை இல்லாதவர் அதை வரைதல் ஆகாது. துணியில் வண்ணம் பதிப்பது அவர்களுக்குப் பழைய தொழில் அன்று. உடலிலும் மணலிலும் பாறையிலும் மரப்பட்டையிலுமே எழுதி வந்தார்கள். தென் அவுஸ்திரேலியாவின் ஏர்ணபெல்லா என்னும் ஊரில் 1948இல் பெண்களுக்கான கைப்பணி நிலையம் ஏற்பட்டது. 1971இல் அங்கே பற்றிக் வேலை தொடங்கிற்று. மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் அதே பற்றிக்தான். 1977இல் நடு அவுஸ்திரேலியாவின் உட்டோப்பியா என்னும் இடத்துப் பெண்களும் அதனைக் கற்றார்கள். வடகரையில் மானின்கிரிடா என்ற ஊரிலே பபாரா பெண்கள் நிலையத்தார் தாமே அச்சு வெட்டித் துணியிலே கையால் பதிக்கிறார்கள். வானவிற் பாம்பும், மீன்வால் கொண்ட நீர்க்கன்னியரும் அவர்கள் துணிகளில் நீந்துகின்றன.

உட்டோப்பியாவில் பற்றிக் கற்றவர்களுள் எமிலி காமே இங்வரே என்ற மூதாட்டியும் ஒருவர். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர். அவர் பெயரிலுள்ள காமே என்பது அந்நிலத்துக் கிழங்குக் கொடி ஒன்றின் விதையையும் பூவையும் குறிக்கும் சொல். அவர் பெயரும் கிழங்கு, அவர் காக்கும் கதையும் கிழங்கு, அவர் துணியிற் படரும் கொடியும் கிழங்கு. பின்னர் ஓவியம் தீட்டத் தொடங்கி, 1996இல் மறைவதற்கு முன் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குள் உலகப் புகழ் பெற்றார். கலை என்பது கல்லூரியிலேதான் பிறக்கும் என்று நம்புவோர் இந்த மூதாட்டியை நினைத்துக்கொள்வார்களாக.

ஆனால் புகழ் வந்த இடத்துக்குத் திருடனும் வருவான். யிர்க்காலா என்ற ஊரைச் சேர்ந்த பண்டுக் மரிக்கா என்ற பெண் தம் குலத்துப் புனித நீர்நிலையின் கதையை அச்சுப் படமாகச் செதுக்கியிருந்தார். அந்தப் படமும் வேறு சில ஆதிக்குடிக் கலைஞரின் படங்களும் அச்சிலே வெளிவந்திருந்தன. அவற்றை எடுத்து, கலைஞரைக் கேளாமலே, வியட்நாமிலே கம்பளங்களாகச் செய்வித்து அவுஸ்திரேலியாவிலே விற்றார்கள். கலைஞர்களுக்குப் பங்கு கொடுக்கப்படுகிறது என்று பொய்யாகச் சீட்டும் கட்டினார்கள். முன்னோரின் புனித நீர்நிலை காலால் மிதிக்கும் கம்பளமாயிற்று! வழக்கு மன்றம் ஏறியது. 1994 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் கலைஞர் பக்கம் தீர்ப்பளித்து, 1,80,000 டொலருக்கு மேற்பட்ட தொகையை வழங்கச் சொல்லிற்று. அதிலே ஒரு நுட்பம் உண்டு. இழந்த இலாபத்துக்கு மட்டும் அத்தொகை அன்று. தன் குலத்துக் கதையைக் காக்கத் தவறினாள் என்று தன் மக்களே தன்னைப் பழிப்பார்களே என்று அந்தப் பெண் பட்ட மனவேதனையையும் நீதிமன்றம் இழப்பாக ஏற்றுக்கொண்டது. தொகையை மொத்தமாகக் கொடுத்து, வழக்கப்படி பகிர்ந்துகொள்ளவும் இடம் விட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? வடிவம் என்பது கடையிலே கிடக்கும் அலங்காரம் அன்று. அதற்கு உரியவர் இருக்கிறார்கள். அதைக் காக்கும் கடமையும் அவர்களுக்கு இருக்கிறது. தோடருக்கும் இவ்வகைப் பாதுகாப்பு ஒன்று பின்னர் கிடைத்தது. 2013 மார்ச்சில் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தோடர் நலவாழ்வுச் சங்கமும் அதற்காக முயன்றது. இனி, இயந்திரத்திலே செய்த துணியைத் தோடர் பூவேலை என்று பெயரிட்டு விற்பது சட்டப்படி குற்றம். நல்லது. ஆயினும் சட்டம் காப்பது பெயரை. இழை எண்ணும் கண்ணையும் அந்தக் கண் கண்ட புல்வெளியையும் யார் காப்பது?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “அவர்கள் பழைய போர்வையையே தைத்துக்கொண்டு இருக்க வேண்டுமா? காலத்துக்கேற்ப மாறலாகாதா?” என்று நீங்கள் கேட்கலாம். மாறலாம். மாறியும் இருக்கிறார்கள். தோடப் பெண்கள் இன்று சால்வையும் கைப்பையும் மேசைவிரிப்பும் தைத்து விற்கிறார்கள். அந்த வருவாயிலே பிள்ளைகள் படிக்கின்றனர். அவுஸ்திரேலியப் பெண்களும் யாவாவின் மெழுகையும் சாயத்தையும் ஏற்றுக்கொண்டே தம் கதையைச் சொன்னார்கள். கலை மாறுவதில் பழுது இல்லை. எதை விற்பது, எதை விற்காது இறந்தவருக்கென்று வைப்பது என்று தீர்மானிப்பவர் யார் என்பதே கேள்வி. அத்தீர்மானம் தைப்பவளின் கையில் இருக்கும்வரை கலை வாழும். வியாபாரியின் கைக்குப் போனால் வடிவம் மிஞ்சும், கதை போய்விடும்.

நம் கண்டிச் சீமையிலும் இதற்குச் சான்று தேடலாம். நம் இனத்துப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி இந்த மலைநாட்டிலே வாழ்ந்து, கிராமம் கிராமமாகச் சென்று நெசவாளரையும் தையற்காரரையும் கண்டு, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றி அரிய நூலை வெளியிட்டார். அந்நியச் சரக்கு வந்து கைவினையை அழிப்பதைக் கண்டு அவர் நெஞ்சு கொதித்தார். அவருடன் ஊர் ஊராகச் சென்று படம் பிடித்தவர் அவர் மனைவி எதெல் அம்மையார். இங்கே கைவினையிற் கொண்ட ஆர்வம் பிற்காலத்தில் அவரை இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறிக் கலைஞராக்கிற்று. தும்பறையின் நார்ப்பாய்களை இன்றும் பெயருள்ள வடிவங்களோடு நெய்கிறார்கள். மாத்தளைக்கு அருகே அளுவிகாரையிலே ஏனா த சில்வா அம்மையார் (1922–2015) கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பற்றிக் வேலையையும் தையலையும் வளர்த்தார். அவர் குழுவினரின் பற்றிக் பென்தோட்டைக் கடற்கரை விடுதியின் கூரையையே அலங்கரித்தது. இவையெல்லாம் நம்மிடமிருந்து ஒரு நாட் பயணத்துக்குள் இருந்தவை, இருப்பவை.

இளைஞர்களே, உங்களிடம் மூன்று செயல்களை வேண்டி நிற்கிறோம். முதலாவது, கைவேலைப் பொருள் ஒன்றை வாங்கும்போது விலை கேட்கும் முன் வடிவத்தின் பெயரையும் செய்தவரின் ஊரையும் கேளுங்கள். வாரக்கணக்கான உழைப்பை ஐந்து நிமிடப் பேரத்தால் அடித்துவிடாதீர்கள். இரண்டாவது, பிறர் புனிதமாகக் கொண்ட வடிவத்தைப் பந்தலுக்கும் பதாகைக்கும் அழகாயிருக்கிறது என்று எடுத்துப் போடாதீர்கள். நம் கோயிற் சின்னத்தைப் பிறர் கால்மிதியாக்கினால் நாம் பொறுப்போமா? மூன்றாவது, இதுவே தலையாயது: அடுத்த விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். பாட்டியின் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு சேலையின் பெயரையும், கரையின் பெயரையும், அதை எப்போது யார் கொடுத்தார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். முற்றத்துக் கோலங்களுக்கும் பெயர் உண்டு, அவற்றையும் எழுதுங்கள். லயத்து வீடுகளில் வாழ்ந்த நம் தாய்மாரின் பெட்டிகளை எந்த அறிஞரும் இன்னும் முழுமையாகத் திறந்து பார்க்கவில்லை. அந்த றிவர்ஸ் நீங்களே ஆகவேண்டும்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் கேட்கும்போது “அதெல்லாம் உனக்கு எதற்கு?” என்று தள்ளிவிடாமற் சொல்லுங்கள். தோடப் பெண் தன் மகளுக்கு இழை எண்ணக் கற்பிக்கும்போது ஏட்டிலே படித்துக் கற்பிப்பதில்லை. பக்கத்தில் இருத்தித்தான் கற்பிக்கிறாள். அந்தப் பக்கத்து இடம் காலியாகும் நாளில் 1,600 எருமைகளும் மலையுச்சியிலிருந்து மீண்டும் பூமிக்குள்ளே போய்விடும். நம் கதைக்கும் அவ்வாறு நேராமற் காப்பது நம் எல்லோருடைய கடமை.